வீக்கம் போன இடம்

தம்பியின் முகம் பழையபடி ஆகிவிட்டது. கடைவாய்ப் பல்லில் சீழ் பிடித்து, ஒரு பக்கத் தாடை பூசணிக்காயாய்ப் பருத்து மருத்துவமனைக்கு வந்தவன். பல்லைப் பிடுங்கினார்கள், சீழை வடித்தார்கள், ஊசி மருந்து ஏற்றினார்கள். இன்று காலை கண்ணாடி கேட்டு வாங்கினான்.

“அக்கா, திரும்பவும் அழகாயிட்டேன் பாரு.”

“எப்ப இருந்த, திரும்ப ஆக?”

சிரித்தான். வாய்க்குள் எதையோ அதக்கிக்கொண்டு சிரிப்பதுபோல் இருந்தது.

அக்காவுக்கு அதே மருத்துவமனையின் லேபில் வேலை. அவன் ரத்தத்தை அவள்தான் பார்த்துவந்தாள். சி.ஆர்.பி. என்றொரு எண். உள்ளே கிருமி வேலை செய்தால் ஏறும், மருந்து கேட்டால் இறங்கும். நேற்றுவரை இறங்கியது. இன்று ஏறியிருந்தது.

“ட்யூப் மாறியிருக்கும் டாக்டர்,” என்றாள் பல் டாக்டரிடம்.

எல்லோரிடமும் ரத்தம் எடுத்துவிட்டு, கடைசியில் மொத்தமாக லேபிள் ஒட்டுவது வார்டின் பழக்கம். அதற்காக அவள் சண்டை போடாத நாளில்லை. இன்று அந்தப் பழக்கம் ஆறுதலாக இருந்தது.

அவர் டிஸ்சார்ஜ் சீட்டில் கையெழுத்துப் போடாமல் பேனாவை மூடினார்.

“மறுபடி எடுங்க. வீக்கம் வத்தியிருந்தா இது எறங்கியிருக்கணும். வத்தலன்னா, அது எங்கம்மா போச்சு?”

அவளே ஊசி குத்தினாள். கட்டிலருகிலேயே லேபிள் ஒட்டினாள். ட்யூபைக் கைக்குள் பொத்திக்கொண்டு போனாள். உள்ளங்கையில் வெதுவெதுப்பாக இருந்தது.

இயந்திரம் முனகி ஓய்ந்தது. எண் இன்னும் கூடியிருந்தது.

இயந்திரத்தின் மேல் பழி போட்டுப் பார்த்தாள். அளவு முன்பே தெரிந்த சோதனைத் திரவம் ஒன்றை அதில் ஓட்டினாள். இயந்திரம் சரியான எண்ணையே சொன்னது.

வார்டில் தம்பி வீட்டுக்குக் கிளம்பி நின்றான்.

“இந்த மேல் பட்டனைப் போட்டு விடுக்கா. மாட்டவே மாட்டேங்குது. சும்மா படுத்துக் கெடந்து சதை போட்டுடுச்சு.”

காலருக்குள் விரல் விட்டாள். தோல் வழவழவென்றிருந்தது. சிவப்பில்லை, சூடில்லை. லேசாக அழுத்தினாள்.

தோலுக்கடியில் சருகு நொறுங்கியது.

கையை எடுக்கவில்லை. சற்றுக் கீழே அழுத்தினாள். அங்கேயும்.

“உனக்கும் கேக்குதா?” என்றான். “விடியவிடிய கேட்டுச்சு. தலகாணிக்குள்ள என்னமோ இருக்குன்னு நெனச்சேன்.”

“டாக்டர்!”

அவர் ஓடி வந்து, அவள் விரலுக்குக் கீழே தன் விரலை வைத்தார். பிறகு நெஞ்செலும்பின் விளிம்பில்.

“சீழ் கழுத்து வழியா நெஞ்சுக்கு எறங்கிடுச்சு. ஆபரேஷன் தியேட்டரைத் தெறக்கச் சொல்லுங்க.”

தம்பி இருவரையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு, போட்ட பட்டன்களை ஒவ்வொன்றாகக் கழற்றத் தொடங்கினான்.