பத்தொன்பது திருத்தங்கள்

பக்கவாதம் வந்த பதினோராம் நாள் லெனர்ட் கேட்ச்போலுக்குப் பேச்சு திரும்பியது. திரும்பியது ஒரே ஒரு சொல்தான். டீ வேண்டுமா என்று மகள் ஜூடித் கேட்டதற்கு, கோணிப்போன வாயைத் திறந்து தெளிவாக, "ஓகே" என்றார். சொன்ன வேகத்தில் அவர் முகம் சுண்டிப்போனது. வலது கை விழுந்துவிட்டிருந்ததால் இடது கையின் சுட்டுவிரலைத் தூக்கி, போர்வையின் மேல் குறுக்கே ஒரு கோடு இழுத்தார். சொன்னதை அடித்துவிட்டாராம். ஜூடித்துக்குச் சிரிப்பு வந்தது. கோப்பையை மேசையில் வைத்துவிட்டு ஆஸ்பத்திரி வராந்தாவுக்குப் போய், சுவரைப் பார்த்து நின்று கொஞ்ச நேரம் அழுதாள்.

இங்கிலாந்தில், சஃபோக்கின் அந்தச் சின்ன ஊரில் கேட்ச்போல் வாத்தியாரிடம் இங்கிலீஷ் படித்து அடி வாங்கியவன் என்று ஒருவனும் கிடையாது. அவர் கை ஓங்கியதே இல்லை. சிவப்புப் பேனா போதும். நோட்டைத் தூக்கிக்கொண்டு அவர் மேசைக்குப் போனால், தப்பு இருக்கும் வரியில் விரலை ஊன்றிவிட்டு நிமிர்ந்து பையனைப் பார்ப்பார். தானாகக் கண்டுபிடித்துச் சொல்லும்வரை அந்த விரல் நகராது. மணி அடித்தாலும் நகராது.

அமெரிக்கா என்றால் மட்டும் அவருக்கு ஆகாது. லிஃப்டை எலிவேட்டர் என்பவன், முன்பின் தெரியாதவர்களிடம் ஹாய் என்பவன், எல்லாவற்றுக்கும் ஓகே போடுபவன், மூவரும் அவருக்கு ஒரே ஜாதி. "குண்டு போட்டு ஹிட்லரால முடியாததை இவனுங்க சினிமா காட்டி முடிச்சிட்டானுங்க" என்பார். ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாட்டில் பிள்ளைகள் வாயில் அப்படி ஒரு வார்த்தை வந்துவிட்டால், எழுந்து வெளியே போய், கதவைத் தட்டி, உள்ளே வந்து, அதே வாக்கியத்தை ஒழுங்காகச் சொல்ல வேண்டும். அதுவரை கிரேவி ஆறிக்கொண்டிருக்கும். ஜூடித் இரண்டு மூன்று தடவை வெளியே போயிருப்பாள். அண்ணன் நைஜல் வாராவாரம் போனான். சில வாரம் வேண்டுமென்றே போனான் என்று அவளுக்கு இப்போது தோன்றியது.

பேச்சுப் பயிற்சிக்கு வந்த ஷான் என்ற வேல்ஸ் பெண் பொறுமைசாலி. ஓகே என்று சொல்லிச் சொல்லி அவர் விரலால் அடித்துக்கொண்டே இருப்பதை நாலு நாள் பார்த்துவிட்டு, ஜூடித்தை வெளியே அழைத்தாள்.

"அந்த வார்த்தைய அவர அடிக்க விடாதீங்க. இப்ப அவர்கிட்ட இருக்கிறது அது ஒண்ணுதான். ரொம்பச் சின்ன வயசுல, ரொம்ப ஆசையா பேசினது சில பேருக்கு இப்படித் தங்கிடும். எங்க கத்துக்கிட்டார்னு தெரியுமா?"

தெரியாது என்றுதான் ஜூடித் சொன்னாள். கார் ஓட்டிக்கொண்டு வீட்டுக்குப் போகும்போதுதான் நினைவு வந்தது. யுத்த காலத்தில் அப்பாவின் கிராமத்துக்கு அரை மைலில் அமெரிக்கர்களின் விமானத் தளம் இருந்தது. ராணுவ லாரி போனால் ஊர்ப் பிள்ளைகள் சூயிங் கம் கேட்டுப் பின்னாலேயே ஓடுமாம். "பிச்சைக்காரப் பசங்க. நான் மட்டும் வேலியோரமா தனியா நிப்பேன்" என்று ஒரே ஒரு தடவை சொல்லியிருக்கிறார். அப்போது அவருக்கு ஒன்பது வயது. வேலியோரமாக நின்றிருப்பார் என்று ஜூடித்துக்கு இப்போது நம்பிக்கை இல்லை.

நைஜல் இருபத்து நாலு வயதில் அமெரிக்காவில் ஒஹையோவுக்கு வேலைக்குப் போனான். எட்டு மாதம் கழித்து முதல் கடிதம் வந்தது. டார்லீன் என்ற பெண்ணைக் கல்யாணம் செய்துகொள்ளப் போகிறேன், நீங்கள் இரண்டு பேரும் வந்தே ஆக வேண்டும் என்று நாலு பக்கம். அம்மா போய் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அப்பா அதை மூன்று முறை படித்தார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்தார். பத்தொன்பது திருத்தம். கடைசியில் பத்துக்கு ஆறு மார்க் போட்டு, 'திருத்தி எழுதி அனுப்பு' என்று எழுதி ஜூடித்திடம் நீட்டினார். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள். அந்த வீட்டில் அது பாசம். நன்றாகப் படிக்கிற பையனின் நோட்டைத்தான் அவர் அத்தனை சிரத்தையாகத் திருத்துவார். உறையில் விலாசம் எழுதி, ஸ்டாம்பு ஒட்டி, தபால் பெட்டியில் போட்டது அவள்தான்.

நைஜல் திருத்தி எழுதி அனுப்பவில்லை. கல்யாணத் தேதியும் சொல்லவில்லை. இருபத்தெட்டு வருஷமாகக் கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வருகிறது. அச்சடித்த வாசகம், கீழே நைஜல் என்ற பெயர். திருத்துவதற்கு அதில் ஒன்றும் இருக்காது. அப்பா ஒவ்வொரு வருஷமும் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு அடுப்பங்கரை அலமாரியில் வைப்பார்.

இன்னொரு தடவை பக்கவாதம் வந்தால் தாங்க மாட்டார் என்று டாக்டர் சொன்னது சனிக்கிழமை. ஞாயிறு மத்தியானம், அங்கே விடிந்திருக்கும் நேரம் பார்த்து, கட்டிலின் பக்கத்திலிருந்தே ஜூடித் செல்போனில் கூப்பிட்டாள். எடுத்த குரல் முழுசாக அமெரிக்கக் குரல். விஷயத்தைச் சொன்னாள். வந்து என்ன ஆகப் போகிறது, நான் வாயைத் திறந்தாலே அவருக்கு எரியும் என்றான் நைஜல். அதற்கு மேல் அவளுக்கு மனசு கேட்கவில்லை.

"நைஜல், அந்த லெட்டரை போஸ்ட் பண்ணினது நான்தான். தமாஷ்னு நெனச்சேன்."

"தெரியும், ஜூட். கவர் மேல உன் கையெழுத்துதானே இருந்துது. அவர் எழுதினதைவிட அதுதான் எனக்கு ரொம்ப வலிச்சுது."

ஜூடித் போனை ஒலிபெருக்கியில் போட்டு, அப்பாவின் தலையணைமேல் வைத்தாள்.

"அப்பா, நைஜல் பேசறேன். நான் கிளம்பி வரட்டுமா?"

லெனர்டின் வாய் ஒரு பக்கமாக இழுத்தது. வேறு ஏதோ ஒரு சொல்லைத்தான் தேடினார். கழுத்து நரம்பு புடைத்தது. கிடைக்கவில்லை.

"ஓகே," என்றார்.

இடது கைச் சுட்டுவிரல் எழுந்தது. கோடு இழுக்கப் போகிறார் என்று ஜூடித் அந்தக் கையைப் பிடிக்கப் போனாள். விரல் குறுக்கே போகவில்லை. போர்வையின் மேல் ஓர் இடத்தில் இறங்கி, பையனின் நோட்டு வரியில் ஊன்றுவதுபோல் அழுத்தமாக ஊன்றி நின்றது. போனில் நைஜல், "அவர் என்ன சொன்னார்?" என்று கேட்டுக்கொண்டிருந்தான். லெனர்ட் விரலை எடுக்காமல், போன் இருந்த பக்கம் மெல்லத் திரும்பி, நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார்.