வாள் உறையின் வாய்ப்பூண்

செழியனின் வாள் உறைக்குப் பூண் போட்டுக் கொடுக்கும்போதெல்லாம் கவிநிலா ஓர் ஆணியை வேண்டுமென்றே அரைகுறையாகத்தான் அடிப்பாள். முழுசாக அடித்தால் அது பாட்டுக்கு வருஷக்கணக்கில் நிற்கும். அப்புறம் அந்த மகராசன் தேரடி வீதிப் பக்கம் எதற்கு வரப்போகிறான்?

நாட்டிய நகை செட்டும் நாடக சாமானும் விற்கிற கடை அவளுடையது. அவன் கீழ்பென்னாத்தூர்க்காரன், தெருக்கூத்தில் துரியோதனன் வேஷம் கட்டுகிறவன். மர உறையின் வாயை இறுக்கிப் பிடிக்கிற பித்தளைப் பூணில் ஒரு வளையம் உண்டு. இடுப்பு பெல்ட்டின் பக்கிளில் அதைத்தான் மாட்ட வேண்டும். பூண் ஆட ஆரம்பித்ததும் செழியன் பஸ் ஏறிவிடுவான். வேலை முடிகிறவரை ஸ்டூலில் உட்கார்ந்து, போன ஊர், பார்த்த ஜனம் என்று கதை அளப்பான். அந்தப் பேச்சுக்காகத்தான் இத்தனை திருட்டுத்தனமும். ஆசையை வாய்விட்டுச் சொல்ல மட்டும் அவளுக்கு நாக்கு எழவில்லை.

இந்தப் பங்குனியில் வந்தவன் முகம் செத்திருந்தது.

"ஆடிக்கினு இருக்கும்போதே பூண் கழண்டு உறை கீழ உழுந்துடுச்சுங்க. ஜனமெல்லாம் ஒரே சிரிப்பு. இன்னொரு வாட்டி இப்படி ஆச்சுன்னா வேஷத்த வேற ஆளுக்குக் குடுத்துடுவேன்னு கூத்து வாத்தியார் சொல்லிட்டாரு."

அடிப்பாவி, உன் ஆசைக்கு அவன் பிழைப்பா கிடைத்தது என்று கவிநிலா தன்னையே திட்டிக்கொண்டாள். எல்லா ஆணியையும் இறுக அடித்தாள். பக்கிளையும் மாற்றிக் கொடுத்தாள்.

"இனிமே ஆடாதுங்களா?"

"ஆடாது. ஜென்மத்துக்கும் நிக்கும்."

"அப்போ எனக்கு அலைச்சல் கம்மி," என்று சிரிக்கப் பார்த்தான். சிரிப்பு வரவில்லை. உறையைத் தடவிக்கொண்டே படி இறங்கிப் போனான்.

அதோடு சரி. பௌர்ணமிக்குக் கிரிவலக் கூட்டம் வந்தது, போனது. பள்ளிக்கூட ஆண்டு விழாவுக்குச் சலங்கை கேட்டு வந்தார்கள். அவன் வரவில்லை. ஒழுங்காக வேலை செய்த கையை வெட்டிப் போடலாம் போலிருந்தது அவளுக்கு.

அடி அண்ணாமலையில் துரியோதனன் படுகளம், பகல் கூத்து என்று போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். பட்டப்பகலில் கடையைப் பூட்டிவிட்டு ஆட்டோ ஏறினாள். வெயிலில் செழியன் சுழன்று ஆடினான். பீமனிடம் அடிபட்டுத் தரையில் புரண்டபோதும் உறை இம்மியும் நகரவில்லை. அவளுக்குப் பெருமையாகவும் இருந்தது, அழுகையாகவும் வந்தது.

செத்து விழுந்த துரியோதனன், கூட்டம் கலைந்ததும் அரிதாரம் வழிய அவளிடம் ஓடி வந்தான்.

"என்னங்க, கடையச் சாத்திட்டா வந்தீங்க? பூண் நல்லாத்தான் நிக்குது."

"தெரியும்," என்றாள் கவிநிலா. "அதப் பாக்க வரல. உங்களத்தான் பாக்க வந்தேன்."