கரையிலிருந்து வீசிய காற்று

ஏரிப் பக்கம் குளிராக இருக்கும் என்று தொலைக்காட்சியில் சொல்லாத நாள், அமெரிக்காவின் மிச்சிகன் ஏரிக்கரை நகரமான மில்வாக்கியில் மே மாதம் முழுக்கத் தேடினாலும் கிடைக்காது. ஊருக்குள் சட்டை நனைய வேர்த்தாலும் கரைக்குப் போனால் ஸ்வெட்டர் வேண்டும். காற்று தண்ணீரின் மேல் தவழ்ந்து வந்து எலும்பைத் தொடும். அதைத் திட்டித் திட்டியே வளர்ந்த ஊர் அது. அதனால் மூன்று நாள் விடுமுறையின் நடு ஞாயிறன்று காற்று திசை மாறி நிலத்திலிருந்து வெதுவெதுப்பாக வீசியபோது, பாதி ஊர் ஏரிக்கரைக்கு இறங்கிவிட்டது. பெர்னாவும் லியோனாவும் இறங்கினார்கள்.

லியோனாவுக்கு இருபத்து நான்கு வயது. பல் மருத்துவமனை ஒன்றில் வரவேற்பு மேசையில் வேலை. பெர்னா அவளுடைய அக்கா, ஐந்து வயது மூத்தவள். பெர்னாவின் இரட்டைக் குழந்தைகள் திங்கள் மாலைவரை அவர்களுடைய அப்பாவிடம் இருந்தார்கள். அதுவரை இரண்டு பேரும் எதுவும் செய்யாமல் ஊரைச் சுற்றுவது என்று ஏற்பாடு. சனிக்கிழமை அப்படித்தான் கழிந்தது. மதியச் சாப்பாட்டுக்கு முன்பே ஐஸ்கிரீம் தின்றார்கள், ஆற்றோரம் நடந்தார்கள், தேவாலயத் திருவிழாவில் வெங்காயம் வதக்கிப் போட்ட பன்றித் தொத்திறைச்சிக்கு வரிசையில் நின்றார்கள். நடுவில் ஒரே ஒரு முறை, அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க லியோனா அக்காவை வீட்டுக்குத் திரும்ப வைத்தாள். அடுப்பு அணைந்துதான் இருந்தது. அன்று சந்தித்தவர்கள் எல்லோரிடமும் பெர்னா அதைச் சொன்னாள்.

கரையில் நீல வெள்ளைப் பட்டை போட்ட குடையை மணலில் ஊன்றினார்கள். பெர்னா பெட்ரோல் நிலையக் கடையில் வாங்கிய மிதவையை ஊதி முடித்தபோது அவள் முகம் சிவந்திருந்தது. ஒரு பக்கம் கடித்த டோனட் வடிவம், இரண்டு பேர் படுக்கலாம், சுற்றிலும் பிடிக்க ஒரு கயிறு.

"நீச்சல் காவலர் நாற்காலியில ஆளே இல்ல அக்கா."

"அவங்க ஜூன்லதான் வருவாங்க. ஏரியப் பாருடி, தட்டுல ஊத்தின எண்ணெய் மாதிரி கெடக்கு. இதுல என்னத்த காப்பாத்தப் போறான்?"

உண்மைதான். அலையே இல்லை. கால் நனைத்தபோது தண்ணீர் பனிக்கட்டியாகக் குத்தியது, ஆனால் மிதவையில் ஏறிப் படுத்துவிட்டால் வெயில் மட்டும்தான். கைப்பேசிகளைக் குடையடியில் பையில் வைத்துவிட்டு ஏறிக்கொண்டார்கள். பெர்னா தொப்பியை முகத்தில் கவிழ்த்துக்கொண்டு, குழந்தைகள் தூங்கவிடாத மூன்று வருடத் தூக்கத்தையும் அங்கேயே தூங்கப்போவதாக அறிவித்தாள்.

லியோனா குடையைப் பார்த்துக்கொண்டே படுத்திருந்தாள். முதலில் அதன் பட்டைகளை எண்ண முடிந்தது. பிறகு பார்த்தபோது நீலமும் வெள்ளையும் கலந்து வெளிர்நிறமாகத் தெரிந்தன. சொல்லலாமா என்று யோசித்தாள். அடுப்பு ஞாபகம் வந்தது. அடுத்த விருந்துக்கு அக்காவிடம் இன்னொரு கதை சேர்ந்துவிடும். எனக்கு எப்போதும் இப்படித்தான், ஒன்றுமில்லாததுக்குப் பயம் என்று தனக்கே சொல்லிக்கொண்டு வேண்டுமென்றே கண்ணை மூடினாள். நூறுவரை எண்ணி, மறுபடியும் நூறுவரை எண்ணினாள். காற்று முகத்தை இதமாகத் தடவியது.

கண்ணைத் திறந்தபோது குடை இல்லை. நூற்றுக்கணக்கான புள்ளிகள் இருந்தன. எது தங்களுடையது என்று தெரியவில்லை. கரையிலிருந்து வந்துகொண்டிருந்த பாட்டுச் சத்தமும் நின்றிருந்தது.

"அக்கா."

"ம்."

"எந்திரி. நாம ரொம்பத் தூரம் வந்துட்டோம்."

பெர்னா தொப்பியை எடுக்காமலே, "அடுப்ப அணைச்சிட்டியா?" என்றாள். லியோனா தோளை உலுக்கியதும் தொப்பியை நகர்த்தினாள். கரையைப் பார்த்தாள். சட்டென்று குப்புறப் புரண்டு தண்ணீருக்குள் கையை விட்டாள்.

கைகளால் துடுப்புப் போட்டார்கள். தண்ணீர் விரலை எரித்தது, பிறகு விரல் இருப்பதே தெரியவில்லை. நிறுத்திப் பார்த்தால் கரை முன்னைவிடத் தள்ளிப் போயிருந்தது. இங்கே தண்ணீர் எண்ணெயாகவும் இல்லை, சின்னச் சின்ன அலைகள் மிதவையின் அடியில் தட்டின. கரையில் அலையை அமுக்கி வைத்திருந்த அதே காற்றுதான் தங்களை இழுத்து வந்திருக்கிறது என்று லியோனாவுக்கு அப்போதுதான் உறைத்தது. ஏரியிலிருந்து வரும் காற்று குளிரும், எரிச்சல் மூட்டும், ஆனால் எதையும் கரைக்கே கொண்டு சேர்க்கும். இந்தக் காற்று அப்படிச் செய்யாது. எதிர்க்கரை மிச்சிகன் மாநிலம். நடுவில் ஒன்றுமே கிடையாது.

உல்லாசப் படகு ஒன்று கொஞ்சம் தள்ளிப் போனது. மேல்தளத்தில் ஆட்கள் கையில் பீர் கேனோடு நின்றார்கள். லியோனா முழங்காலில் எழுந்து கையை ஆட்டினாள். கத்தினாள். படகில் இருந்த அத்தனை பேரும் சிரித்துக்கொண்டே கையை ஆட்டினார்கள். ஒருவர் கேனை உயர்த்திக் காட்டினார். படகு போய்விட்டது.

"திருப்பிக் கை காட்டிட்டுப் போறாங்க," என்றாள் லியோனா. அவள் குரல் அவளுக்கே அந்நியமாக இருந்தது.

"வேற என்ன செய்வாங்க? நம்ம ஊர்ல கை காட்டினா திருப்பிக் காட்டாம எவன் போவான்? நானும் காட்டியிருப்பேன்."

அடுத்து, சால்மன் மீன் பிடிக்கும் சிறிய படகு ஒன்று தூண்டில் கம்புகளை நீட்டிக்கொண்டு தொலைவில் போனது. அதில் ஒரே ஒரு ஆள். இரண்டு பேரும் சேர்ந்து ஆட்டினார்கள். அவரும் நிதானமாகக் கையை உயர்த்திக் காட்டிவிட்டுத் தன் தூண்டிலைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

பெர்னா மேல்சட்டையைக் கழற்றினாள்.

"என்ன பண்ற?"

"நீந்தி அந்தப் படகப் பிடிக்கிறேன். பள்ளிக்கூடத்துல நான் நீச்சல் அணிடி, மறந்துட்டியா?"

"அது சூடு பண்ணின குளம் அக்கா. பத்து வருஷத்துக்கு முந்தி. இந்தத் தண்ணியில விரலே மரத்துப் போச்சு."

"அப்ப என்ன செய்யலாம், நீ சொல்லு. இங்கயே கெடப்போம், ராத்திரிக்குள்ள அந்தக் கரைக்குப் போயிடலாம்கிறியா? நாளைக்குச் சாயங்காலம் பசங்க வருவாங்கடி. கதவத் தட்டுவாங்க."

"போகாத. எனக்குப் பயமா இருக்கு."

"உனக்கு எப்பத்தான் பயமா இல்ல?"

சொல்லிக்கொண்டே பெர்னா குதித்துவிட்டாள்.

மேலே வந்த தலையைப் பார்த்ததும் லியோனாவுக்குத் தெரிந்துவிட்டது. பெர்னாவின் வாய் திறந்து திறந்து மூடியது, சத்தம் வரவில்லை. கத்தக்கூட மூச்சு இல்லை. நீந்துவதற்குப் பதில் கைகள் தண்ணீரை வெறுமனே அடித்தன. குதித்த வேகத்தில் மிதவை பின்னால் நழுவியிருந்தது. இப்போது பாரம் குறைந்ததில் காற்று அதை இன்னும் வேகமாகத் தள்ளியது. இரண்டு கை தூரம் நான்கு கை தூரமானது. அக்கா சாகப்போகிறாள், நான் பார்த்துக்கொண்டே மிதந்து போகப்போகிறேன் என்று லியோனாவின் மனதில் தெளிவாக ஓடியது. அந்தக் குழந்தைகளுக்குக் கதவைத் திறக்கப்போவது நான்தான்.

அவளுக்கு நீச்சல் அரைகுறை. குதித்தால் இரண்டு பேரும் போவார்கள். மிதவையை நிறுத்த வேண்டும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு இடுப்புவரை தண்ணீருக்குள் இறங்கித் தொங்கினாள். மூச்சு நெஞ்சிலேயே நின்றது. மூச்சு விடு, விடு என்று தனக்கே சொன்னாள். அவள் உடம்பு தண்ணீரில் இழுபட்டதும் மிதவை தயங்கியது. காலை உதைத்தாள். கால் இருக்கிறதா என்று தெரியவில்லை, உதைக்கிறோம் என்று நம்பி உதைத்தாள்.

"இங்க பாரு. என்னப் பாருக்கா. என் மூஞ்சியப் பாரு."

பெர்னா பார்த்தாள். அந்தக் கண்களில் லியோனாவை அடையாளம் தெரிந்ததற்கான குறியே இல்லை. நீட்டிய கையில் விரல் நுனி பட்டது, நழுவியது, மறுபடி பட்டது. மணிக்கட்டைப் பிடித்தாள்.

மேலே தூக்க முடியவில்லை. தூக்கினால் மிதவை கவிழப் பார்த்தது. ஒரு கையில் கயிறு, ஒரு கையில் அக்கா. பெர்னாவின் உதடு நீலம் பாய்ந்திருந்தது. ஏதாவது பேசு, கேலி பண்ணு, என் அடுப்பைப் பற்றிச் சொல்லு என்று லியோனா சொல்லிக்கொண்டே இருந்தாள். பெர்னாவின் தலை மெல்லத் தண்ணீர் மட்டத்துக்குச் சாய்ந்தது. லியோனா இழுத்து நிமிர்த்தினாள். மறுபடியும் சாய்ந்தது. மறுபடியும் இழுத்தாள்.

இயந்திரச் சத்தம் கேட்டபோது அது தன் காதுக்குள் என்றுதான் நினைத்தாள். நீண்ட காம்பு வைத்த பெரிய மீன்வலை ஒன்று அவர்களுக்கும் வானத்துக்கும் நடுவே வந்தது. பிறகு இரண்டு முரட்டுக் கைகள் பெர்னாவை அக்குளில் பிடித்துத் தூக்கின. லியோனாவும் கூடவே இழுபட்டுப் படகுக்குள் விழுந்தாள்.

அந்தச் சால்மன் படகுக்காரருக்கு வயது அறுபது இருக்கும். "முதல்ல சும்மா கை காட்டுறீங்கன்னுதான் நெனச்சேன். நானும் காட்டிட்டுப் போயிட்டேன். திரும்பிப் பாத்தா தண்ணிக்குள்ள ஒரு தல தெரியுது. மே மாசத்துல இங்க எவளாவது குளிப்பாளா? அப்பவே படகத் திருப்பிட்டேன்." கரைக்காவல் படையை வயர்லெஸ்ஸில் அழைத்து இடத்தைச் சொன்னார். மிதவை காலியாகக் கிழக்கே போய்க்கொண்டிருந்தது. யாரும் அதைப் பார்க்கவில்லை.

பெர்னாவின் பற்கள் தட்டின. அது நல்லது, நடுங்கட்டும், நடுங்கினால் சூடு வரும் என்றார் அவர். தன் தடித்த ஜாக்கெட்டைக் கழற்றிக்கொண்டு குனிந்தார்.

"அவ கையக் கொஞ்சம் விடும்மா. உள்ள விட்டுப் போடணும்."

லியோனா தன் கையைப் பார்த்தாள். விரல்கள் பெர்னாவின் மணிக்கட்டில் வெளிறிப் போய்ப் பதிந்திருந்தன. மனதுக்குள் அவற்றைத் திறக்கச் சொன்னாள். அவை கேட்கவில்லை. இன்னொரு கையால் ஒரு விரலை நிமிர்த்தப் பார்த்தாள். அது திரும்பவும் மடிந்துகொண்டது.

"வர மாட்டேங்குது," என்றாள்.

பெர்னா அப்போதுதான் முதல் முறையாக அவளைச் சரியாகப் பார்த்தாள். பற்களுக்கு நடுவிலிருந்து வார்த்தை துண்டு துண்டாக வந்தது.

"விட... வேணாம். அப்படியே... இருக்கட்டும்டி."

அவர் ஜாக்கெட்டை விரித்து இருவர் மேலும் சேர்த்துப் போர்த்தினார். படகு திரும்பியது. கரையை நெருங்க நெருங்க அந்த இதமான காற்று முகத்தில் நேராக வந்து அறைந்தது. இரண்டு பேரும் ஜாக்கெட்டுக்குள் தலையை இழுத்துக்கொண்டார்கள்.