பன்னிரண்டாவது சுற்று

மாநகராட்சியில் தண்ணீர் திறந்துவிடுகிற வால்வுக்காரர் வேலை அவருக்கு. பத்தொன்பது வருடமாக அதே நாலு தெரு, தோளில் அதே இரும்புச் சாவி. சாவி என்றதும் சட்டைப் பையில் போடுகிற சமாச்சாரம் என்று நினைத்துவிடக் கூடாது. இடுப்பு உயரத்துக்குத் தடித்த கம்பி, மேலே பிடிப்பதற்கு ஒரு குறுக்குக் கட்டை. சாலையில் இருக்கிற மூடியைத் தூக்கி, உள்ளே வால்வின் தலையில் அதைச் செருகித் திருக வேண்டும். கீழ்த் தெருவுக்கு இருபது சுற்று, பள்ளிக்கூடத் தெருவுக்குப் பதினாறு, மேட்டுத் தெருவுக்குப் பதினொன்று. வாய் பாட்டுக்கு யாரோடாவது பேசிக்கொண்டிருக்கும். கை தானாக எண்ணி, தானாக நிற்கும். அந்தக் கையைப் பற்றி அவருக்குக் கொஞ்சம் கர்வம்கூட உண்டு.

மேட்டுத் தெருவின் பதினொன்றுக்குப் பின்னால் ஒரு கதை இருந்தது. வேலைக்குச் சேர்ந்த முதல் மாதம், தெரியாத்தனமாகப் பன்னிரண்டாவது சுற்று கொடுத்துவிட்டார். பள்ளிக்கூட முனையில் பழைய குழாய் வெடித்து, மூன்று வீட்டுப் பாய் தலையணையெல்லாம் மிதந்தன. அப்போதிருந்த அதிகாரி நடுத்தெருவில் நிற்க வைத்து, நாலு பேர் பார்க்க வாங்கு வாங்கென்று வாங்கினார். வெடித்த இடத்தில் ஒட்டுப் போட்டார்களே தவிர, குழாயை யாரும் மாற்றவில்லை. அன்றைக்குப் பயந்த கை, பதினொன்றைத் தாண்டியதே இல்லை.

பதினொரு சுற்றுக்குத் தண்ணீர் பாதி மேடு ஏறி, தையல்கடை வாசல் குழாயோடு மூச்சு வாங்கி நின்றுவிடும். அதற்கு மேலே ஏழு வீடுகள். ஏழாவது வீடு அவருடைய தங்கையின் வீடு. ஊருக்கெல்லாம் தண்ணீர் விடுகிறவர் கூடப்பிறந்தவளுக்குக் காற்று மட்டும் விடுகிறார் என்று தெருவே சொல்லிச் சிரித்தது. தங்கை சிரிக்கவில்லை. காலையில் இரண்டு வாளி, மாலையில் இரண்டு வாளி என்று தையல்கடையிலிருந்து தூக்கித் தூக்கி வலது முழங்கால் போய்விட்டது. வாய்ச்சண்டை போடுகிற ஆளும் இல்லை அவள். அண்ணன் வீட்டுக்கு வந்தால் உட்கார வைத்து, எதிரே ஒரு காலி டம்ளரை வைப்பாள். முதல் தடவை மறந்துவிட்டாள் என்று நினைத்தார். இரண்டாம் தடவை புரிந்தது. என் கையில் என்ன இருக்கிறது, குழாய் அப்படி என்பார். அவள் அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருப்பாள். தங்கை வீட்டில் ஒரு வாய் தண்ணீர் குடிக்காமலேயே அவருக்குத் தலை நரைத்துவிட்டது.

இரண்டு வருடத்துக்கு முன்னால்தான் புது இன்ஜினியர் வந்தார். வால்வுக்காரருடைய மகள் வயதுதான் இருக்கும். மேட்டுத் தெரு மக்கள் கொடுத்த மனுக்களை அலமாரியிலிருந்து தூசி தட்டி எடுத்து, ஒவ்வொன்றாகப் படித்த முதல் அதிகாரி அந்தப் பெண். கொளுத்துகிற வெயிலில் அளவுக் கம்பியோடு தானே மேடு ஏறி இறங்கினார். அலுவலகத்தில் யார் யார் காலையோ சுற்றிச் சுற்றி, புதுக் குழாய்க்கு உத்தரவு வாங்கினார். எட்டு மாதம் தெருவைத் தோண்டிப் போட்டதில் புழுதி தின்ற ஜனங்கள் அவரைத் திட்டித் தீர்த்தார்கள். அதையும் வாங்கிக்கொண்டார். புது வால்வு வைத்த அன்று வால்வுக்காரரைக் கூப்பிட்டு, இது பழையது மாதிரி இல்லை, முழுக்கத் திறக்க முப்பத்திரண்டு சுற்று என்று சொல்லி, அந்த எண்ணை மூடியின் உட்புறத்தில் பெயின்டால் எழுதியும் வைத்தார். வால்வுக்காரர் பயபக்தியோடு தலையாட்டினார்.

சோதனை நாள் காலையில் தெருவே கூடிவிட்டது. கவுன்சிலர் துவைத்த சட்டையில் வந்து நின்றார். வால்வுக்காரரும் முகம் மழித்து, பளிச்சென்று வந்திருந்தார். சாவியைச் செருகித் திருக ஆரம்பித்ததும் கவுன்சிலர் தோளில் கைபோட்டு, எத்தனை வருட சர்வீஸ், பிள்ளைகள் என்ன செய்கிறார்கள் என்று விசாரித்தார். இத்தனை வருடத்தில் எந்தக் கவுன்சிலரும் அவரை ஒரு வார்த்தை கேட்டதில்லை. உச்சி குளிர்ந்து பதில் சொல்லிக்கொண்டே இருந்தார். பேச்சு முடிந்தபோது கையும் நின்றிருந்தது. திறந்தாயிற்றா என்று இன்ஜினியர் கேட்டார். ஆயிற்று என்றார். மனதறிந்து சொன்ன பொய் இல்லை அது.

தண்ணீர் தையல்கடை வரை வந்தது. அப்புறம் நின்றது.

ஒரு மணி நேரம் எல்லாரும் மேட்டு வீட்டுக் குழாய்களையே பார்த்தார்கள். அவை இரண்டு தடவை இருமிவிட்டுச் சும்மா இருந்தன. எட்டு மாதப் புழுதி இதற்குத்தானா என்று யாரோ கேட்டார்கள். கவுன்சிலருக்கு வேறு வேலை ஞாபகம் வந்துவிட்டது. மேடு ஏறுகிற கணக்கே தப்பாக இருக்கும், பள்ளிக்கூட முனையிலிருந்து மறுபடி தோண்டித்தான் பார்க்க வேண்டும் என்றார் காண்டிராக்டர். இன்ஜினியர் வால்வை மூடச் சொல்லிவிட்டு மேட்டை நோக்கி நடந்தார்.

வால்வுக்காரர் மூடுவதற்காகத் திருகினார். இப்போது பேசுவதற்கு ஆள் இல்லை. ஒன்று, இரண்டு என்று வாய்க்குள் எண்ணிக்கொண்டே வந்தார். பதினொன்றாவது சுற்றில் சாவி கப்பென்று பிடித்துக்கொண்டது.

மூடியைப் புரட்டிப் பார்த்தார். முப்பத்திரண்டு என்று கொட்டை எழுத்தில் எழுதியிருந்தது.

பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் முதலில் தோன்றியது. மனிதர்தானே அவரும். நாளைக் காலையில் ஆளில்லாத நேரத்தில் முழுக்கத் திறந்துவிட்டால் தண்ணீர் மேலே போய்விடும். குழாயில் காற்று அடைத்திருந்தது, இப்போது விலகிவிட்டது என்றால் யார் மறுக்கப் போகிறார்கள்? சாவியைத் தோளில் போட்டுக்கொண்டு, அந்த வாக்கியத்தை மனதுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே மேடு ஏறினார்.

இன்ஜினியர் ஏழாவது வீட்டுப் படியில் உட்கார்ந்து அறிக்கை எழுதிக்கொண்டிருந்தார். ஜனங்கள் சுற்றி நின்றார்கள். தங்கை கதவைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தாள். குழாய் போட்டவர்களின் தவறா என்று ஒருவர் கேட்டதற்கு, இன்ஜினியர் நிமிராமலேயே பதில் சொன்னார்.

"அளவெடுத்தது நான்தாங்க. தப்பு என்னுதாத்தான் இருக்கும். அப்படியே எழுதிட்டேன்."

காற்று அடைத்த கதையை வால்வுக்காரர் அங்கேயே கைவிட்டார். இந்தப் பெண் தலைகுனிந்து உட்கார்ந்திருக்க, தான் சாவியோடு நிமிர்ந்து நிற்பது அவருக்கே பொறுக்கவில்லை. சாவியைக் கீழே வைத்தார்.

"அதக் கிழிச்சுப் போடுங்கம்மா. முப்பத்திரண்டு சுத்தணும்னு சொன்னீங்க. நான் பதினொண்ணோட நிறுத்திட்டேன். கை பழக்கத்துல நின்னுடுச்சு. மூடும்போதுதான் தெரிஞ்சுது."

திட்டுவதற்கு வாயைத் திறந்தவர்கள்கூட, அவருடைய முகத்தைப் பார்த்துவிட்டுச் சும்மா இருந்தார்கள். இன்ஜினியர் பேனாவை மூடினார். கோபப்படலாமா, கட்டிப்பிடிக்கலாமா என்று தெரியாதவர் போல அவரையே பார்த்தார். ஆனால் வால்வுக்காரர் பயந்தது அந்தப் பார்வைக்கு இல்லை. அவர் எதிர்பார்த்த கேள்வி கதவுப் பக்கமிருந்து வந்தது.

"அப்போ இத்தனை வருஷமும் உன் கைதானாண்ணே?"

"இல்லம்மா. இத்தனை வருஷமும் பைப்புதான். இன்னைக்கு மட்டும்தான் கை."

தங்கை உள்ளே போனாள். இனி அவளை நம்ப வைப்பது ஏழு ஜென்மம் ஆனாலும் நடக்காது என்று நினைத்துக்கொண்டு, அவர் சாவியை எடுத்துக்கொண்டு இறங்கினார். இன்ஜினியரும் ஜனங்களும் பின்னால் வந்தார்கள்.

மறுபடி மூடியைத் தூக்கினார், சாவியைச் செருகினார். இந்தத் தடவை உரக்க எண்ணினார். பதினொன்று வரை வந்தது. அங்கே கை நின்றது. அவர் நிறுத்தவில்லை, அதுவாக நின்றது. கண்ணுக்குள் தலையணைகள் மிதந்தன, அந்த அதிகாரியின் குரல் காதில் கேட்டது. புதுக் குழாய், தாராளமாகத் தாங்கும் என்று இன்ஜினியர் பதமாகச் சொன்னார். அவருக்கும் தெரிந்ததுதான். கைக்குத்தான் தெரியவில்லை. நெற்றியில் வியர்வை வழிய, சாவியைப் பிடித்தபடி நின்றார்.

கூட்டம் விலகியது. தங்கை ஒரு காலை இழுத்து இழுத்து இறங்கி வந்திருந்தாள். கையில் அந்தக் காலி டம்ளர் இருந்தது. அண்ணனுக்குப் பக்கத்தில் வந்து நின்று, அவருடைய கையைப் பார்த்தாள். அது நடுங்கிக்கொண்டிருந்தது. இத்தனை வருடமாகப் பார்த்த கைதான். இப்படி நடுங்கி அவள் பார்த்ததில்லை. டம்ளரைத் தரையில் வைத்துவிட்டு, சாவியின் குறுக்குக் கட்டையில் தன் கையையும் வைத்தாள்.

"பன்னெண்டு" என்றாள்.

சாவி சுற்றியது. எதுவும் வெடிக்கவில்லை.

"பதிமூணு."

பதினான்காவது சுற்றில் அவர் கண்ணை மூடிக்கொண்டார். இருபதில் திறந்தார். அதற்கப்புறம் எண்ணிக்கையைச் சுற்றியிருந்தவர்கள் வாங்கிக்கொண்டார்கள். முப்பத்திரண்டில் சாவி நின்றது. குழாய்க்குள் தண்ணீர் மேட்டைப் பார்த்து ஓடுவது கம்பி வழியாகக் கைக்குத் தெரிந்தது. எல்லாரும் மேலே ஓடினார்கள். இன்ஜினியர் செருப்பைக் கையில் எடுத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் ஓடினார்.

அண்ணனும் தங்கையும் மட்டும் நின்றார்கள். திறந்த பிறகு கால்மணி நேரம் வால்வை விட்டு நகரக் கூடாது என்பது வேலை விதி. அவளுக்கு அப்படி விதி ஒன்றும் இல்லை, ஆனாலும் நின்றாள். கொஞ்ச நேரத்தில் மேலேயிருந்து சத்தம் வந்தது. ஐந்தாவது வீட்டில் வந்துவிட்டது, ஆறில் வந்துவிட்டது, ஏழில் கொட்டுகிறது என்று ஒவ்வொன்றாகக் காதில் விழுந்தது. அவர் முகத்தைத் துடைத்துக்கொண்டார். வியர்வைதான் என்று சொல்லியிருப்பார், அவள் கேட்கவில்லை.

தரையிலிருந்த டம்ளரை எடுத்து, முந்தானையால் உள்ளும் புறமும் நன்றாகத் துடைத்தாள்.

"வேலைய முடிச்சிட்டு வாண்ணே" என்றாள். "வந்து தண்ணி குடிச்சிட்டுப் போ."