இறால் குடியிருந்த அம்பாசிடர்

சென்ற பங்குனியில் சுண்ணாம்புக்குளத்தில் ஒரு பழைய டீசல் அம்பாசிடரின் புகை பதினோரு நாள் கலையாமல் நின்றது. காரணம் நான். அந்தக் காருக்கு நான் டிரைவர். ரேடியேட்டருக்குக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றச் சொல்லியிருந்தார்கள். கிணறு நூறு அடி தூரம், ஏரி நாலு அடி. கார் ஓட்ட வந்தவனை நடக்கச் சொல்வது நியாயமா என்று ஏரியிலிருந்தே ஒரு வாளி மொண்டு ஊற்றினேன். வாளியில் தண்ணீரைத் தவிர வேறென்ன இருந்தது என்று பார்க்கவில்லை. பார்த்துச் செய்யும் வழக்கம் எனக்கு எப்போதுமே கிடையாது.

கார் திரௌபதியும் இன்னும் ஆறு பெண்களும் சேர்ந்து வாங்கியது. ஏரித் தண்ணீரில் உட்கார்ந்து, பறி என்கிற ஓலைக்கூடையைப் பல்லில் கடித்துக்கொண்டு, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள். பிடித்ததை ஆரம்பாக்கத்தில் காலை ரயிலில் ஏற்றிவிட்டால் சென்னையில் அவர்கள் சொல்வதுதான் விலை. ரயிலைத் தவறவிட்டால் வியாபாரி லோகநாதனின் வேன்தான் கதி. தராசும் அவருடையது, ஐஸும் அவருடையது, பேச்சும் அவருடையது. அந்த வேனில் இனி ஏறுவதில்லை என்றுதான் ஏழு பேரும் காரையே வாங்கினார்கள்.

மறுநாளிலிருந்து கார் முரண்டு பிடித்தது. சாவியைத் திருப்பினால் காசநோய்க்காரன்போல் நாற்பது தரம் இருமிவிட்டுத்தான் கிளம்பும். அதற்குள் ரயில் போயிருக்கும். பின்னால் வெள்ளையாகப் புகை வரும். வந்த புகை கூரை உயரம் ஏறி அங்கேயே நின்றுகொள்ளும். மூன்றாம் நாள் ஏழு பேரில் ஒருத்தியான ஜெபசெல்வி அதன்மேல் துணி காயப்போட்டாள். ஐந்தாம் நாள் இரண்டு நாரைகள் வந்து உட்கார்ந்தன. துணியில் எச்சமிட்டதற்காக அவற்றோடு சண்டை நடந்தது.

லோகநாதன் வேனை எதிரிலேயே நிறுத்தி, "இன்னா திரௌபதி, காரா, செங்கச்சூளையா?" என்பார்.

ஆரம்பாக்கத்திலிருந்து மெக்கானிக் சாம்சன் வந்தார். "கறுப்புப் பொகைன்னா டீசல் ஜாஸ்தி. நீலம்னா ஆயில் எரியுது. வெள்ளைன்னா தண்ணி உள்ள பூருது, இல்லாங்காட்டி டீசல் சரியா எரியல."

"இது இன்னாண்ணே?"

"பாக்கலாம்."

பேட்டரி மாற்றினார். ஹீட்டர் பிளக் மாற்றினார். நாசிலைக் கழற்றிச் சுத்தம் செய்தார். ஒவ்வொரு நாளும் நான், "நாளைக்குக் கிளம்புமாண்ணே?" என்பேன். ஒருநாள் வானத்தைப் பார்ப்பார், ஒருநாள் பீடி பற்றவைப்பார். ஏரித் தண்ணீர் விஷயத்தை நானும் சொல்லவில்லை. யாரும் கேட்கவில்லையே.

பதினோராம் நாள், திரௌபதி தலையை நிமிர்த்தாமல் கூடையை வேனுக்குத் தூக்கிப் போனாள். அதைப் பார்த்ததும் என் வாய் தானாகத் திறந்துகொண்டது.

"ஏரித் தண்ணியா?" என்று அவள் கூடையைக் கீழே வைத்தாள். "அட பேமானி! மொதல்லயே சொல்றதுக்கு இன்னா? ஏரின்னா எனக்குத் தெரியாதா? சாம்சன், மூடியத் தொற."

சாம்சன் எஞ்சின் ஹெட்டைக் கழற்றினார். திரௌபதி பறியைப் பல்லில் கடித்துக்கொண்டு, கண்ணை மூடி, தண்ணீர் ஓடும் துளைக்குள் கையை விட்டாள். கை முழங்கைவரை போனது, பிறகு தோள்வரை போனது. அந்த எஞ்சினில் அவ்வளவு ஆழம் கிடையாது என்று சாம்சன் இன்றைக்கும் சொல்கிறார். முதலில் வந்தது ஒரு வெள்ளை இறால், உயிரோடு. பறி ஏழு தரம் நிறைந்தது. கடைசியாக ஒரு சாண் நீளத்துக்கு ஒன்று வந்தது, வாயில் ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட்டின் துண்டோடு. கொறித்த ஓட்டை வழியாகத்தான் தண்ணீர் சிலிண்டருக்குள் இறங்கியிருக்கிறது.

அன்று மாலையே புதுக் கேஸ்கட் போட்டுக் கிணற்றுத் தண்ணீர் ஊற்றினார்கள். நூறு அடியும் நான்தான் நடந்தேன், ஆறு தரம்.

மறுநாள் விடியலில் ஒரே திருப்பு. எஞ்சின் உறுமிய சத்தத்தில் நாரைகள் பறந்தன. ஏழு பெண்களும் குலவையிட்டு ஏறினார்கள். டிக்கியில் எஞ்சினில் பிடித்த இறாலும் ஏரியில் பிடித்த இறாலும் ஒரே ஐஸில் கிடந்தன. நின்றிருந்த பதினோரு நாள் புகையும் அசைந்து, காருக்கு மேலே குடைபோல் ஆரம்பாக்கம்வரை வந்தது. ஐஸ் ஒரு சொட்டு உருகவில்லை. லோகநாதன் எங்களைத் துரத்தி வந்து, ரயில்வே கேட்டில் மாட்டிக்கொண்டார். ரயில் வந்தபோது கூடைகள் பிளாட்பாரத்தில் வரிசையாக இருந்தன. இப்போதும் கார் கிளம்பினால் புகை கூடவே போகிறது. வெயில் நாளில் ஒதுங்க வசதி என்பதோடு ஊரில் அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

அன்று ரயில் போனதும், டீக்கடையில் நின்ற சாம்சனிடம் பழக்கதோஷத்தில் கேட்டேன்: "அண்ணே, நாளைக்குக் கிளம்புமா?"

அவர் கிளாஸைக் கீழே வைத்தார்.

"கிளம்பும்டா" என்றார்.