குட்டி வீட்டில் ஆள் வைக்கக் கூடாது

1

இந்தக் கதை எங்கிருந்து வந்தது என்பதை முதலிலேயே ஒப்புக்கொண்டுவிடுகிறேன். பொறாமையிலிருந்து வந்தது. பயம் பிறகு வந்து ஒட்டிக்கொண்டது.

நான் மலேசியாவில், தைப்பிங் என்ற ஊரில், ஏர்கோன் (ஏ.சி.) சர்வீஸ் செய்பவன். எப்போதாவது ஞாயிற்றுக்கிழமைப் பத்திரிகைக்குக் கதை எழுதுவேன். வருஷத்துக்கு ஒன்று அச்சில் வந்தால் அதிகம். என் மகள் சர்வினிக்குப் பதினேழு வயது. அவள் அட்டையையும் ஐஸ்கிரீம் குச்சியையும் வைத்துக் குட்டிக் குட்டிச் சாமான்கள் செய்கிறாள். எங்கள் பிளாட்டில் இருப்பது ஒரே மேசை. அதன் ஒரு முனையில் நான் எழுதுவேன், மறுமுனையில் அவள் வெட்டி ஒட்டுவாள். நடுவில் சாஸ் போத்தலும் பிஸ்கட் டின்னும். யாராவது எட்டிப் பார்த்தால், அடடா, என்ன ஒற்றுமையான குடும்பம் என்பார்கள். ஒரு மாலை முழுக்க நாங்கள் பேசிக்கொண்டதை ஒரு கை விரலில் எண்ணிவிடலாம்.

அவள் வேலையில் எனக்குப் பங்கு ஒன்றே ஒன்றுதான். பசைப் போத்தலை அவள் மூடவே மாட்டாள். அவள் எழுந்து போனதும் நான் மூடுவேன். "எதுக்குப்பா மூடுறீங்க, இதோ வந்துடுவேன்ல" என்பாள். பெரும்பாலும் எங்கள் உரையாடல் அதுதான்.

நான்கு மாதமாக அவள் செய்துகொண்டிருப்பது எங்கள் ஹாலை. ஓர் அடிக்கு ஓர் அங்குலம் கணக்கில், மீ (நூடுல்ஸ்) வந்த ஓர் அட்டைப் பெட்டிக்குள். (முதலில் 'சின்ன வீடு' என்று எழுதிவிட்டு அடித்தேன். தமிழ் வாசகர்கள் எங்கே போவார்கள் என்று எனக்குத் தெரியும். குட்டி வீடு என்றே இருக்கட்டும்.) போன வாரம் அவள் இல்லாதபோது குனிந்து உள்ளே பார்த்தேன். காலண்டர் இருந்தது. முருகன் படம் இருந்தது. கதவுக்குப் பக்கத்து ஆணியில் சிவப்புக் குடைகூட இருந்தது. அது என் மனைவி புஷ்பலீலாவின் குடை. அவள் என்னோடு ஒத்துவராமல் ஜொகூருக்குப் போய் நான்கு வருஷம் ஆகிறது. குடையை எடுக்க மறந்துவிட்டாள், நானும் அனுப்பவில்லை.

போனவளின் குடைக்கு இடம் இருந்தது. இருக்கிறவனைக் காணோம். மேசைக்கு முன்னால் என் நாற்காலி பின்னால் தள்ளிக் காலியாகக் கிடந்தது.

ஏன் பயம் என்பதையும் சொல்ல வேண்டும். சர்வினிக்கு எஸ்.பி.எம்., அதாவது பள்ளி இறுதித் தேர்வு முடிவு வந்துவிட்டது. இங்கேயே பள்ளியில் படிவம் ஆறில், பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பில், சேரலாம். இல்லாவிட்டால் ஜொகூரில் அவள் அம்மா பார்த்து வைத்திருக்கும் காலேஜில் வீட்டு அலங்காரம் படிக்கலாம். வருகிற சனிக்கிழமை புஷ்பலீலா காரோடு வருகிறாள். கூடப் போவதா, இருப்பதா என்று சர்வினி அன்றைக்குச் சொல்ல வேண்டும். போகாதே என்று நான் இன்னும் சொல்லவில்லை. வாய்வரைக்கும் வரும். உடனே நோட்டை எடுத்துக்கொண்டு எழுத உட்கார்ந்துவிடுவேன். நீங்கள் படிப்பது அப்படி எழுதியதுதான்.

2

கைவிட்ட தொடக்கங்கள்:

தைப்பிங்கில் அன்றும் மழை பெய்துகொண்டி— (தைப்பிங்காரன் எவன் எழுதினாலும் இப்படித்தான் தொடங்குவான். பத்திரிகை ஆசிரியருக்குச் சளி பிடித்துவிடும்.)

அவர் ஒரு தந்தை. தனிமை அவரை மெல்ல— (யார் இந்த 'அவர்'? என் சட்டையைப் போட்டுக்கொண்டு திரிகிறார்.)

என் அப்பாவுக்குப் பேசத் தெரியாது. ஆனால் அவர் இல்லாத வீட்டை என்னால் நினைத்துக்கூடப் பார்க்க முடியாது.

இந்த மூன்றாவது நன்றாகவே ஓடியது. மகளின் குரலில் ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். திரும்பப் படித்தால், நான் கேட்க ஆசைப்பட்டதையெல்லாம் அவளைச் சொல்ல வைத்திருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது. கிழித்துவிட்டேன்.

3

செவ்வாய்க்கிழமை மழையால் வேலை சீக்கிரம் முடிந்தது. சர்வினி கேக் கடையில் பகுதிநேர வேலைக்குப் போயிருந்தாள். நான் குட்டி வீட்டின் முன் உட்கார்ந்தேன்.

சுவரில் குழாய் நுழைகிற ஓட்டையை அடைக்க எங்களிடம் ஒரு வெள்ளைப் பசை இருக்கும். பிசைந்த மாவு மாதிரி இருக்கும். அதில் கொஞ்சம் கிள்ளி ஒரு ஆளைச் செய்தேன். வழுக்கை வைத்தேன். தொப்பையைச் சற்றுக் குறைத்தேன், எழுத்தாளனுக்கு அந்த உரிமைகூட இல்லையா? அந்த ஆளைக் காலி நாற்காலியில் உட்கார வைத்தேன். காலைத் தரையில் ஊன்றினேன். நன்றாகத்தான் இருந்தது. அவள் வந்து பார்த்துச் சிரிப்பாள் என்று நினைத்தேன்.

அந்தப் பசையின் குணமே காயாமல் இருப்பதுதான். காயாமல் இருக்க அதில் எண்ணெய் கலந்திருக்கும். இருபது வருஷமாக அதைத் தொட்டுப் புழங்குகிறவன் நான். எனக்குத் தெரியாதா? தெரியும். அன்றைக்குப் பார்த்து ஞாபகம் வரவில்லை.

அவள் ஆறு மணிக்கு வந்தாள். என் முதல் பிரதியில் இப்படி எழுதியிருந்தேன்: சர்வினி அந்தப் பொம்மையைப் பார்த்தாள். அவள் உதடுகள் துடித்தன. கண்களில் நீர் முட்டி, "அப்பா" என்று விம்மி—

அப்படி எதுவும் நடக்கவில்லை. நடந்தது இது. இடுக்கியை எடுத்தாள். பொம்மையின் இடுப்பைப் பிடித்துத் தூக்கினாள். நாற்காலியின் காகித மெத்தையில் வட்டமாக எண்ணெய் இறங்கியிருந்தது. ஒவ்வொரு கல்லாக வெட்டி ஒட்டிய தரையில் இரண்டு பாதக் கறை.

"யாரு வச்சது இத?"

"நான்தாம்மா. சும்மா, ஒரு வெளயாட்டுக்கு…"

"எண்ணெ விடும்லப்பா இது. ஒங்க வேலைதானே, தெரியாதா?"

"மறந்துட்டேன்."

"குட்டி வீட்ல ஆள் வைக்கக் கூடாதுப்பா."

அவ்வளவுதான். பொம்மையைப் பிஸ்கட் டின் மேல் வைத்துவிட்டு அறைக்குள் போனாள். கதவை அறையவில்லை. அறைந்திருந்தால் தேவலாம். மெதுவாகச் சாத்தினாள்.

ஆள் வைக்கக் கூடாது. அந்த ஆள் நான். என் வீட்டில் எனக்கு இடமில்லை என்று என் பிள்ளையே சொல்லிவிட்டாள் என்றுதான் எடுத்துக்கொண்டேன். அவள் பங்கு மீயை மூடி வைத்துவிட்டுத் தனியாகச் சாப்பிட்டேன்.

4

(இந்தப் பகுதி கதைக்குத் தேவையா என்று தெரியவில்லை. தேவையில்லை என்றால் தாண்டிப் போங்கள்.)

என்னோடு வேலை செய்பவன் சூசை. புதன்கிழமை வேனில் போகும்போது கேட்டான்.

"மககிட்ட பேசிட்டியா?"

"இல்ல. எழுதிக்கிட்டு இருக்கேன்."

"நாசமாப் போச்சு. டேய், வாய் இருக்கிறவன் எவனாவது கதை எழுதிக் கேப்பானா? அது பேப்பர்ல வந்து, அவ படிச்சு, பதில் போடறதுக்குள்ள ஒனக்குப் பேரன் பொறந்துடுவான்லா."

எங்கள் தொழிலில் ஒரு வேடிக்கை உண்டு. நாங்கள் ஏணியோடு அறைக்குள் போனதும் வீட்டுக்காரர்கள் வெளியே போய்விடுவார்கள். ஆளில்லாத அறையில் நாங்கள்தான் ராஜா. கட்டிலின் எந்தப் பக்கம் யார் படுக்கிறார், யார் கோபித்துக்கொண்டு ஹாலில் படுக்கிறார், எந்தப் பிள்ளை ஒளித்து மிட்டாய் தின்கிறது, எல்லாம் தலையணையையும் குப்பைக்கூடையையும் பார்த்தே சொல்லிவிடுவேன். சூசையோடு பந்தயம் கட்டி ஜெயித்திருக்கிறேன். ஊரார் அறையையெல்லாம் படிக்கத் தெரிந்தவன் தன் வீட்டில் மட்டும்—

இந்த வாக்கியத்தை முடிக்க எனக்கு விருப்பமில்லை.

5

வியாழக்கிழமை நோட்டை மேசையிலேயே விட்டுவிட்டு வேலைக்குப் போய்விட்டேன். மறதியா, வேண்டுமென்றேவா என்று கேட்காதீர்கள். சாயந்திரம் வந்தால் சர்வினி என் நாற்காலியில் உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தாள்.

"நான் எப்பப்பா அழுதேன்?"

"அது வந்து… கதைக்காக."

"உதடு துடிச்சிச்சாம். விம்முனேனாம். என்னப்பா இது, சீரியல் மாதிரி."

"அடிச்சுட்டேன் பாரு. அடிச்சதத்தான் நீ படிக்கிற."

"அடிச்சா மட்டும்? நல்லாத் தெரியுது." அவள் நோட்டைப் புரட்டினாள். "இதென்ன, 'என் வீட்டில் எனக்கு இடமில்லை'? நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"ஆள் வைக்கக் கூடாதுன்னு சொன்னியே."

"அலாமா! யாரையுமே வைக்கக் கூடாதுன்னுதான் சொன்னேன். ஆள வச்சா பொம்ம வீடாயிடும்ப்பா. பக்கத்துல இருக்கிற எல்லாமே பொய்யாத் தெரியும். அதனால யாருமே வைக்க மாட்டாங்க. இப்பதான் எந்திரிச்சுப் போன மாதிரி செஞ்சு விட்டுடணும். இங்க வாங்க. ஒங்க டார்ச்ச எடுங்க."

எடுத்தேன். பெட்டிக்குள் அடித்துப் பார்த்தேன். ஏணியில் ஏறி எத்தனையோ அறைகளைப் பார்த்த கண்ணால் அன்றைக்குத்தான் என் வீட்டைப் பார்த்தேன்.

மேசையில் அரிசி மணி அளவில் ஒரு கோப்பிக் குவளை, அடியில் மண்டி. நாலாக மடித்த பத்திரிகை, அதன்மேல் மூக்குக் கண்ணாடி. நான் எங்கேயோ வைத்துவிட்டேன் என்று ஒரு வாரம் தேடிய ஸ்க்ரூ டிரைவர் ஐஸ்பெட்டி மேல். நாற்காலிக்கு அடியில் ஒற்றைக் காலுறை.

"நாக்காலிய என்னிக்காவது உள்ள தள்ளிட்டு எந்திரிச்சிருக்கீங்களா? அதான் அப்படி வச்சேன். எல்லா எடத்துலயும் நீங்கதான் இருக்கீங்க. தண்ணி குடிக்கப் போயிருக்கீங்க, அவ்வளவுதான்."

எனக்கு அழுகை வந்தது. (இது கதைக்காக அல்ல.)

அவள் அதைப் பார்க்காத மாதிரி நோட்டைத் தட்டினாள்.

"ஆனா இதுல நான் எங்க இருக்கேன்? யாரோ ஒரு பொண்ணு இருக்கா. நீங்க பசையில உருட்டி ஒக்கார வச்ச பொம்ம. என்னைய எடுத்துடுங்க."

"ஒன்ன எடுத்துட்டா கதையே இல்லையேம்மா."

"என்னைய எடுங்க. என் சாமான விட்டுடுங்க."

அப்போது கேட்டிருக்கலாம். அதைவிட நல்ல சமயம் கிடைக்காது. "சனிக்கிழம…" என்று தொடங்கினேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"சொல்லுங்கப்பா."

"கோப்பி வேணுமா?"

நோட்டை மூடி என் பக்கம் தள்ளினாள். "ம். போடுங்க" என்றாள். சூசை இருந்திருந்தால் என்னை மிதித்திருப்பான்.

6

மூன்று முடிவுகள் எழுதி வைத்திருந்தேன்.

ஒன்றில் அவள் இருக்கிறாள். கார் காலியாகத் திரும்புகிறது. எனக்கு ரொம்பப் பிடித்த முடிவு. அதனால்தான் நம்ப முடியவில்லை.

இரண்டாவதில் போகிறாள். நான் மாடியிலிருந்து கையசைக்கிறேன். இதை எழுதும்போது என்மேலேயே எனக்கு இரக்கம் பொங்கியது. அந்த இரக்கத்துக்காகவே அவளை அனுப்பி வைத்தேனோ என்று சந்தேகம் வந்து அடித்தேன்.

மூன்றாவதில் புஷ்பலீலா கைப்பையை வைத்துவிட்டு— (இது வேண்டாம். அவளும் பொம்மை இல்லை.)

வெள்ளிக்கிழமை சாயந்திரம் நோட்டை மூடினேன். சர்வினி மெத்தைக் கறையைச் சுரண்டிக்கொண்டிருந்தாள். பிஸ்கட் டின் மேல் இருந்த பசை ஆள் மூன்று நாளில் இடுப்புவரை தொய்ந்து போயிருந்தான். நான் சொன்னேன். எழுதாமல், வாயால் சொன்னேன்.

"நீ போனா எனக்குக் கஷ்டமா இருக்கும்மா. ரொம்பக் கஷ்டமா இருக்கும். அத ஒங்கிட்ட சொல்லாமலே ஒன்ன அனுப்பிடக் கூடாதுன்னு சொல்றேன். மத்தபடி நீ எடுக்கிற முடிவுதான்."

அவள் பதில் சொன்னாள். நீளமாகவே சொன்னாள். நாங்கள் இரண்டு பேரும் அந்த மேசையில் அவ்வளவு பேசியதே இல்லை. அவள் சொன்னதை இங்கே எழுத மாட்டேன். தன்னை எடுத்துவிடச் சொன்னாள், எடுத்துவிட்டேன். இனி நீங்கள்தான் குனிந்து பார்க்க வேண்டும்.

7

சனிக்கிழமை. மணி நாலடித்து ஐந்து நிமிஷம். வெளியே மழை.

மேசையில் மூன்று கோப்பிக் குவளைகள். இரண்டு காலி. ஒன்றின் மேல் தட்டு போட்டு மூடியிருக்கிறது.

ஒரு நாற்காலி பின்னால் தள்ளிக் கிடக்கிறது. அதற்கு எதிரில் இன்னொன்று, அதுவும் தள்ளியே.

கதவுக்குப் பக்கத்து ஆணியில் குடை இல்லை. ஆணிக்குக் கீழே சுவரில், நான்கு வருஷமாக அது தொங்கிய இடத்தில், ஒரு நீளமான வெளிர் தடம். வாசலில் செருப்பு ஒரு ஜோடிதான், பெரிய அளவு; சின்ன ஜோடி இல்லை.

பிஸ்கட் டின் மூடியில் ஓர் எண்ணெய் வட்டம். அதன்மேல் இருந்த வெள்ளை ஆளைக் காணோம்.

மீ பெட்டி அதன் இடத்தில் இருக்கிறது. உள்ளே நாற்காலி மெத்தையில், சுரண்டியும் போகாத கறை அப்படியே விடப்பட்டிருக்கிறது. குட்டி மேசையில் புதிதாக ஒரு நோட்டு, சுண்டுவிரல் நகத்தளவு, திறந்தபடி. அதில் வரிவரியாகப் பென்சில் கோடு. கடைசி வரி பாதியில் நிற்கிறது.

பெட்டிக்குப் பக்கத்தில் இடுக்கி, கத்தரி, வெட்டிப் போட்ட காகிதத் துண்டுகள். பசைப் போத்தல் திறந்திருக்கிறது. மூடி ஒரு சாண் தள்ளிக் கிடக்கிறது. யாரும் அதை எடுத்து மூடவில்லை.