குடலை உதறிய கடலட்டை

1

இந்தக் கதை எனக்குக் கொசுறாகக் கிடைத்தது. கோட்டைப்பட்டினத்தில் கருவாடு வாங்கினேன். எடைக்கு மேல் இதையும் தள்ளிவிட்டார்கள். கொசுறில் சொத்தை பார்ப்பது எங்கள் கடைவீதியில் மரியாதை இல்லை.

தொடக்கம்: 'அலைகள் ஆர்ப்பரித்த அந்த 1956ஆம் ஆண்டுப் பங்குனியில்...' வேண்டாம். அந்தக் கடல் குளம் மாதிரி கிடக்கும்.

2

சூசைராஜ், ஆவூர்க்காரர், பள்ளிக்கூடத்தில் அறிவியல் வாத்தியார். நாளைக் காலை இன்ஸ்பெக்டர் முன்னால் பாடம் எடுக்க வேண்டும்: செல், திசு, உறுப்பு, மண்டலம், உயிரி. தேறினால் வேலை நிரந்தரம். தேறாவிட்டால் மாமனார் வீட்டு ஏர். அறுத்துக் காட்ட ஒரு கடலட்டை தேடி, கையில் சீசாவோடு கோட்டைப்பட்டினம் வந்திருந்தார். வெள்ளரிக்காய் கனத்தில் மணலில் ஊரும் பிராணி.

(தவளை கிடைக்காதா என்கிறீர்கள். பங்குனி வெயிலில் தவளையெல்லாம் மண்ணுக்குள். வேறு கேளுங்கள்.)

3

கரையில் அட்டை விற்கும் அழகியின் பானைக்குள் கடல்நீரில் ஒன்றே ஒன்று கிடந்தது. விலையைக் குறைப்பதற்காக சூசைராஜ் அதை எடுத்து, முற்றல் கத்தரிக்காயைச் சோதிப்பதுபோல் அமுக்கினார். மிரண்டுபோன அட்டை தன் குடலையெல்லாம் பின்வழியாக வெளியே தள்ளிவிட்டது.* உடம்பு பானைக்குள் நழுவி, நிம்மதியாக நெளிந்தது.

"இது எனக்கு ஆகாதும்மா. உள்ள ஒண்ணுமில்லையே."

"அமுக்குனது யாரு சார்? நானா?"

அந்நேரம் வியாபாரி உடையப்பன் வந்து சேர்ந்தார். கடலட்டையின் குடலை எறிந்துவிட்டு, உடம்பை அவித்துக் காயவைத்துக் கப்பலேற்றுகிறவர். பாதி வேலை முடிந்திருப்பதில் அவருக்கு ஏகப்பட்ட திருப்தி. குடல் வாத்தியாரின் சீசாவுக்கு, உடம்பு தனக்கு என்று பங்கு பிரித்தார். சூசைராஜ் கையிலிருந்த காசு ஒரு பங்குக்குத்தான் காணும்.

"அப்ப உசுரு யாருக்குங்க?" என்றார் சூசைராஜ்.

"அந்தச் சரக்க நான் வாங்குறதில்ல சார்."

* குடல் மறுபடி வளரும். சில வாரம் பிடிக்கும். இன்ஸ்பெக்டருக்கு அவ்வளவு பொறுமை கிடையாது.

4

முடிவு ஒன்று: சூசைராஜ் சீசாவில் குடலைக் கொண்டுபோய்ப் பாடம் நடத்த, இன்ஸ்பெக்டர் மகிழ்ந்து முதுகில் தட்டி... எந்த இன்ஸ்பெக்டர் தட்டினார்?

முடிவு இரண்டு: சூசைராஜ் பானையை வாங்கிக் கடலிலேயே கவிழ்த்துவிட்டு, வெறுங்கையோடு... மாமனாரை நீங்கள் பார்த்ததில்லை.

நானும் அமுக்கித்தான் பார்த்தேன். மேலே கிடப்பதெல்லாம் இந்தக் கதையின் குடல்.

உடையப்பன் அடுப்பு மூட்டிவிட்டார். பஸ் ஹார்ன் அடிக்கிறது. பாடத்தில் நான்கு படி சீசாவில் இருக்கிறது. ஐந்தாவதான உயிரி பானையில் நெளிகிறது. சூசைராஜ் உங்களைப் பார்க்கிறார்.

எதை வேண்டுமானாலும் எடுத்துக் கொடுங்கள். அமுக்காமல் எடுங்கள்.